பாக்கெட்டின் முன்பக்கம்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுங்களா. அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்தால் நான் கத்திச் சொல்ல வேண்டியிருக்கும். இது கத்திச் சொல்கிற கதை இல்லை. பசியே இல்லாமல் தினமும் எதையாவது வாங்கித் தின்ற ஒரு மனுஷனுடைய கதை. ஏன் தின்றார், தின்று என்ன ஆயிற்று என்று முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் உங்களை விடுவேன். தண்ணீர் குடிக்கிறவர்கள் இப்போதே குடித்துக்கொள்ளுங்கள்.

திருமுல்லைவாயிலில், ஸ்டேஷனிலிருந்து கோயில் பக்கம் நடந்து மருந்துக்கடை திருப்பத்தில் உள்ளே போனால் வருகிற தெருவில் எத்திராஜின் வீடு. அவருடைய அப்பா காலத்தில் அங்கே நெல் விளைந்தது. இப்போது மாடிமேல் மாடி விளைகிறது. எத்திராஜும் தன் பங்கு மனையில் வீடு கட்டி, மாடியைக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிற ஒரு புருஷன் பெண்சாதிக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அவர்கள் காலையில் ஹெல்மெட்டோடு இறங்குவார்கள், ராத்திரி ஹெல்மெட்டோடு ஏறுவார்கள். அவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் எத்திராஜுக்குச் சொல்லத் தெரியாது.

அவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லாரிக்கு ஸ்பிரிங் செய்கிற கம்பெனியில் வேலை. உள்ளே வருகிற சரக்கைச் சரிபார்த்து வாங்குகிற இடத்தில் உட்கார்ந்திருந்தார். பெண்சாதி பூங்காவனம். ஒரே மகள் கலைவாணி. படித்து, பூனாவில் வேலை கிடைத்து, அங்கேயே கல்யாணமும் ஆகி, குழந்தையும் பிறந்தது. பிரசவ லீவு முடிந்து கலைவாணி வேலைக்குத் திரும்புகிற சமயத்தில், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வைத்த பெண் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள். பூங்காவனத்துக்குப் போன் வந்தது. அவள் அன்றைக்கே பெட்டியை இறக்கித் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

அங்கேதான் ஒரு சிக்கல். அதற்குக் கொஞ்சம் முன்னால் கம்பெனியில் வைத்தியப் பரிசோதனை நடந்து, எத்திராஜுக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஐந்து புள்ளி ஒன்பது என்று வந்திருந்தது. ஆவடி ரோட்டு டாக்டரம்மா, "இது வியாதி இல்லை, வியாதிக்கு முந்தின படி. வாயைக் கட்டினா இறங்கி வந்துடலாம், இல்லன்னா ஏறி உள்ளே போயிடுவீங்க" என்று சொல்லியிருந்தார். எத்திராஜின் அண்ணன் அந்தப் படியில் ஏறித்தான் கடைசியில் கால் விரல்களை இழந்தார். பூங்காவனம் அதைக் கண்ணால் பார்த்தவள்.

ரயில் ஏறுகிற அன்று அவள் சொன்னாள்: "இதோ பாருய்யா. நான் அங்க கொயந்தய வெச்சிகினு கீறேன், நீ இங்க கண்டத துன்னுகினு கீறன்னு வெச்சிக்க. அடுத்த டெஸ்ட்ல சர்க்கரை ஏறிச்சின்னா, நான் ஒரு நிமிசம் அங்க நிக்க மாட்டேன். கொயந்தய அவகிட்ட குட்த்துட்டு வந்துடுவேன்."

"அவ வேலை இன்னா ஆவறது?"

"அத்த நீ துன்றப்போ நெனச்சிக்க."

எத்திராஜ் ஒப்புக்கொண்டார். மெய்யாகவே ஒப்புக்கொண்டார், கண்ணுங்களா. அதை மறந்துவிடாதீர்கள்.

முதல் கொஞ்ச நாள் வீடு அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது. பூட்டைத் திறந்தால், காலையில் விட்டுப் போன காற்றே அப்படியே நின்றுகொண்டிருக்கும். காலையில் எங்கே டம்ளரை வைத்தாரோ அங்கேயே டம்ளர் இருக்கும். யாரும் நகர்த்தாத டம்ளரைப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று அதற்கு முன்னால் அவருக்குத் தெரியாது. கீரை வாங்கி வந்து ஆய்ந்தார், கடைந்தார்; ஒரு ஆளுக்கு அது பாதிதான் ஆயிற்று, மீதி கெட்டுப்போயிற்று. பிறகு வாங்கவில்லை.

சாயந்திரம் வேலை விட்டு வந்து கைகால் கழுவியதும் பூங்காவனத்துக்கு வீடியோ கால் போடுவார். ஆரம்பத்தில் அரைமணி பேசினார்கள். ரயிலில் கூட்டம், பூனாவில் குளிர், லிஃப்ட்டில் ஏற பயம், எல்லாம் பேசினார்கள். பேசப் பேசத் தீர்ந்தும் போயிற்று. அவளுக்கு நாள் முழுக்க ஒரே வேலை, இவருக்கும் ஒரே வேலை. என்ன சொல்ல?

"துன்னியா?"

"துன்னேன்."

"இன்னா துன்ன?"

"ரெண்டு தோசை."

"சரி, வெச்சிடட்டா? கொயந்த எழுந்துகிச்சி."

இவ்வளவுதான். போன் அணைந்ததும் அந்தக் கறுப்புக் கண்ணாடியில் எத்திராஜின் முகமே தெரியும். அதைப் பார்க்கப் பிடிக்காமல் குப்புறக் கவிழ்த்து வைப்பார்.

ஒரு நாள் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்திருந்த பெரிய கடைக்குள் நுழைந்தார். சர்க்கரை உள்ளவர்களுக்கென்றே ஒரு அலமாரி வைத்திருந்தார்கள். உள்ளூர்க் கம்பெனி எதுவோ போட்ட பிஸ்கட் பாக்கெட் ஒன்று, பச்சைக் காகிதத்தில், தமிழிலேயே பெரிதாக எழுதியிருந்தது. எடுத்துக்கொண்டு வந்தார். அன்றைக்குக் கால் போட்டபோது பாக்கெட் கையிலேயே இருந்தது.

"அது இன்னாய்யா கையில?"

"பிஸ்கட்டு."

"பிஸ்கட்டா! இதுக்குத்தான் என்னிய ரயிலேத்தி உட்டியா?"

"அட, சர்க்கரை இல்லாததும்மே. மேலயே போட்டுகீறான்."

"எங்க, காட்டு. அவ்ளோ கிட்ட வோணாம், மூக்குல இடிக்குது. ஆங், அப்பிடியே புடி. சர்க்... கரை... சேர்க்கப்... பட... வில்லை." பூங்காவனம் எட்டாவது வரை படித்தவள். எழுத்து எழுத்தாகக் கூட்டித்தான் படிப்பாள். "கீழ இன்னா? ஏழு... தானியங்... களின்... நன்மை. எந்த ஏழுய்யா?"

"எனுக்கு இன்னா தெரியும்? கேவுரு, கம்பு..."

"சோளம். கோதும. அரிசிய சேப்பானா?"

"சேத்தா அஞ்சு."

"தெனை! சாமை! அப்போ ஆறா, ஏழா?"

இருவரும் விரல் மடக்கி எண்ணினார்கள். எண்ணி முடிப்பதற்குள் குழப்பம் வந்து மறுபடி முதலிலிருந்து எண்ணினார்கள். பூங்காவனம் சிரித்தாள். பாக்கெட்டில் இருந்த கோதுமைக் கதிர் படத்தைப் பார்த்து, "இது உங்கண்ணன் மீச மாதிரி கீது" என்று அதற்கும் ஒரு தரம் சிரித்தாள். "சரி, துன்னு. எப்பிடி கீதுன்னு நாளைக்கி சொல்லு" என்றாள்.

அந்தப் பேச்சு முடிந்தபோது வெளியே நன்றாக இருட்டியிருந்தது. எத்திராஜுக்குப் போனைக் கவிழ்த்து வைக்கத் தோன்றவில்லை.

மறுநாள் அவர் சொல்லியாக வேண்டுமே, எப்படி இருந்தது என்று? அதனால் தின்றார். சொன்னார். அதற்கு மறுநாள் காட்டுவதற்கு வேறு வேண்டும். ஆகவே 'பத்தியக் கஞ்சி மாவு' ஒன்று வாங்கினார். அதற்கும் அடுத்து 'வெள்ளைச் சர்க்கரை இல்லாத' எள்ளுருண்டை. அப்புறம் சிறுதானிய நூடுல்ஸ், பழச்சாறு, எண்ணெயில் பொரிக்காத மிக்சர். கடையில் அலமாரி முன்னால் நின்று அவர் தேர்ந்தெடுக்கிற விதத்தை யாராவது பார்த்திருந்தால் அதிசயப்பட்டிருப்பார்கள். விலையையோ ருசியையோ அவர் பார்க்கவில்லை. எந்தப் பாக்கெட்டில் தமிழ் எழுத்து அதிகமாக இருந்ததோ, அதை எடுத்தார்.

இதை அவர் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஏன் இதை எடுக்கிறாய் என்று கேட்டிருந்தால், "உடம்புக்கு நல்லதாம், போட்டுகீறான்" என்றுதான் சொல்லியிருப்பார். தான் வாங்குவது பிஸ்கட் இல்லை, பெண்சாதி படிக்கிற சத்தம் என்பது அப்போது அவருக்கே தெரியாது.

கம்பெனியில் அவரோடு வேலை செய்கிறவன் குணசேகரன். பட்டாபிராமிலிருந்து ரயிலில் வருகிறவன், வாய் கொஞ்சம் நீளம். ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எத்திராஜின் டப்பாவை எட்டிப் பார்த்தான்.

"இன்னா அண்ணாத்தே, புழு மாதிரி சுருண்டுகினு கீது?"

"சிறுதானிய நூடுல்ஸ்டா. சோத்த கம்மி பண்ணிட்டேன்."

"சிறுதானியம்னு யாரு சொன்னா?"

"பாக்கெட்டுல போட்டுகீறான். உங்க அண்ணியே படிச்சி பாத்து சரின்னுட்டா."

"அண்ணியே சொல்லிட்டாங்களா? அப்போ முத்திர குத்தியாச்சி." குணசேகரன் தன் சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டான். "ஆனா ஒண்ணு அண்ணாத்தே. கம்பி லோடு வந்தா, அதுல கட்டியிருக்கிற சீட்ட நீ நம்ப மாட்ட. ஒரு துண்டு வெட்டி லேபுக்கு அனுப்புவ. ரிப்போர்ட் வர்ற வரிக்கும் லாரிக்காரன் வெயில்ல காஞ்சிகினு கெடப்பான். இத்த மட்டும் எப்பிடி சீட்ட பாத்து துன்ற?"

"அது இரும்பு. இது துன்ற பொருளு. துன்ற பொருள்ல போய் பொய் எழுதுவானா?"

"ஏன், எழுதினா பேனா ஒடஞ்சிடுமா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எத்திராஜும் சிரித்தார். ஆனால் அந்தப் பேச்சை அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகவில்லை. போக முடியாது. பாக்கெட்டைச் சந்தேகப்பட்டால் சாயந்திரத்துக்கு என்ன இருக்கிறது?

மழைக்காலம் வந்து போனது. அடுத்த பரிசோதனைக்கு நாள் வந்தது. எத்திராஜுக்குப் பயமே இல்லை. தான் சொன்ன சொல் காத்தோம் என்றுதான் நினைத்தார். ஒரு கல்யாணத்தில்கூடப் பாயசத்தைத் தொடவில்லை. டீக்கடையில் சர்க்கரை இல்லாத டீ. வீட்டில் சர்க்கரை டப்பாவைத் திறந்தே பல காலம் ஆயிற்று. வெறும் வயிற்றில் போய் ரத்தம் கொடுத்துவிட்டு, சாயந்திரம் வேலை முடிந்து வருகிற வழியில் லேபில் இறங்கிக் காகிதத்தை வாங்கினார். தெருவிளக்கு வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தார்.

ஆறு புள்ளி நான்கு.

இப்போது நான் சொல்கிறதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த எண்ணைப் பார்த்ததும் அவர் மனசில் முதலில் வந்தது பயம் இல்லை. அண்ணனுடைய கால்கூட நினைவுக்கு வரவில்லை. 'பூங்கா வந்துடுவா.' அதுதான் வந்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவருக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. அப்புறம்தான் வெட்கம் வந்தது. சுற்றிலும் பார்த்தார், யாராவது தன் முகத்தைப் பார்த்துவிட்டார்களோ என்று. யார் பார்க்கப் போகிறார்கள்? எல்லாரும் ரயிலுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டுத் திட்டவில்லை. "ஐயா, என்ன சாப்பிடறீங்களோ அத்தனையும் அப்படியே நாளைக்குக் கொண்டாங்க" என்றார். எத்திராஜ் ஒரு கட்டைப்பை நிறையப் பாக்கெட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனார். காத்திருந்த நோயாளிகள், இவர் ஏதோ விற்க வந்திருக்கிறார் என்று நினைத்தார்கள்.

டாக்டரம்மா ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தார். முன்பக்கத்தை ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. கையில் எடுத்ததுமே குப்புறத் திருப்பினார். பின்னால் எறும்பு ஊர்ந்த மாதிரி இங்கிலீஷ் எழுத்து.

"முன்னாடி இருக்கறது கம்பெனிக்காரர் நம்மகிட்ட பேசற பேச்சு, ஐயா. பின்னாடி இருக்கறது அவர் சட்டத்துக்குப் பயந்து பேசற பேச்சு. எது அதிகமா இருக்கோ அதை முதல்ல எழுதணும். இந்த பிஸ்கட்ல முதல்ல என்ன இருக்கு? மைதா. உங்க ஏழு தானியமும் சேர்ந்து கடைசியில, ஒரு சிட்டிகை. நூடுல்ஸும் அதே கதைதான். எள்ளுருண்டையில வெள்ளைச் சர்க்கரை இல்லதான், மொத்தமும் வெல்லம். பழச்சாறுல சர்க்கரை போடல, பழத்தோட சர்க்கரையே அவ்வளவு இருக்கு. இந்தக் கஞ்சி மாவுல மால்டோடெக்ஸ்ட்ரின்னு ஒண்ணு. பேர்ல சர்க்கரை இல்ல, ரத்தத்துக்குள்ள போனா சர்க்கரை பண்ற வேலையைத்தான் பண்ணும்."

"அப்போ எல்லாம் பொய்யாம்மா?"

"பொய்னு சொல்ல முடியாது. முழுசா சொல்லல. இதோ, ஒரு வேளைக்கு ரெண்டு பிஸ்கட்னு வெச்சு சத்துக் கணக்கு போட்டிருக்காங்க. நீங்க எத்தனை சாப்பிடுவீங்க?"

எத்திராஜ் மேஜையைப் பார்த்தார். "பாக்கெட்டும்மா."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "பசிக்குமா அவ்வளவு?"

"பசி எங்கம்மா? பசியே இல்ல."

"பின்ன ஏன்?"

எத்திராஜ் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் திரும்ப அடுக்கினார். மாத்திரை இப்போது வேண்டாம், வீட்டில் சமைத்ததைச் சாப்பிடுங்கள், நடங்கள், மறுபடி பார்ப்போம் என்று டாக்டரம்மா அனுப்பிவிட்டார்.

அன்று சாயந்திரம் பூங்காவனமே முதலில் கூப்பிட்டாள். அவளுக்கு நாள் தெரியும்.

"எவ்ளோ?"

எத்திராஜ் சொன்னார்.

குழந்தை அவள் தோளில் தலையைச் சாய்த்து விரல் சூப்பிக்கொண்டிருந்தது. அவள் மெதுவாகத்தான் கேட்டாள். அவள் கத்தியிருந்தால் எத்திராஜுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"வோணும்னே ஏத்திகினியா?"

"பூங்கா! நீயே படிச்ச பாக்கெட்டும்மே எல்லாம். நீ சரின்னு சொன்னதத்தான் துன்னேன்."

"நான் படிச்சத மட்டும் துன்னியா? நான் அங்க இல்லன்ன உடனே எதிர்க்க கீற கடையில ஜாங்கிரி துன்னியோ இன்னாவோ. யாரு கண்டா? நான் வரணும். அதுக்கு ஒரு வழி கண்டுபுட்ச்சிகினே. என்னிய டபாய்க்காதய்யா. முப்பது வருசம் உன்கூட குப்ப கொட்டினவ நானு."

"மெய்யாலுமே இல்ல."

"சரி. நான் வரேன். சொன்ன மாதிரியே வரேன். போதுமா?"

போனைக் கலைவாணி வாங்கினாள். ஆபீசிலிருந்து அப்போதுதான் வந்திருப்பாள் போல, கழுத்தில் இன்னும் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

"நைனா, அம்மா டிக்கெட் போடச் சொல்றாங்க. நான் ஆபீஸ்ல லீவு கேட்டா, இப்பதானே திரும்பி வந்தீங்கம்பாங்க. வேலைய விட வேண்டியதுதான். அது பரவால்ல, உன் உடம்புதான் முக்கியம்." நிறுத்தினாள். "நைனா, நீ வேணும்னு பண்ணலல்ல?"

இல்லை என்று சொல்ல எத்திராஜ் வாயைத் திறந்தார். லேப் வாசலில் நெஞ்சு குளிர்ந்த அந்த நொடி குறுக்கே வந்து நின்றது. தின்னும்போது அவர் வேண்டுமென்று தின்னவில்லை, அது சத்தியம். ஆனால் எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவரும் அவர்தானே? பதில் சொல்ல நேரமாயிற்று. அந்தத் தாமதத்தையே மகள் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

"சரி நைனா. வெச்சிடறேன்."

அடுத்த நாள் எத்திராஜ் வேலைக்குப் போனார். குணசேகரன் கேலி பேசினான், காதில் விழவில்லை. கம்பி லோடு வந்தது, துண்டு வெட்டி அனுப்பினார். வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தார். யோசிக்க என்ன இருக்கிறது? கம்மென்று இருந்தால் போதும். பூங்காவனம் வந்துவிடுவாள். டம்ளர் இடம் மாறும். கீரைக்கு இரண்டு ஆள் ஆகும். வீட்டில் ஒரு சத்தம் இருக்கும். மகள் வேலை போனால் வேறு வேலை கிடைக்காதா? மருமகன் சம்பாதிக்கவில்லையா? ஊரில் எத்தனை பேர் வீட்டோடு இல்லை? இப்படி எல்லா நியாயமும் வரிசையாக வந்து அவர் பக்கம் நின்றது. அத்தனையும் பாக்கெட்டின் முன்பக்கம் மாதிரியே இருந்தது. பெரிய எழுத்து, நல்ல படம்.

எழுந்து போனை எடுத்துக் கூப்பிட்டார்.

பூங்காவனம் உடனே எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். எடுத்தாள், முகத்தைக் காட்டவில்லை. மேலே ஃபேன் சுற்றுவது மட்டும் தெரிந்தது.

"இன்னா?"

"இத்த பாரு." எத்திராஜ் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பி, பின்பக்கத்தைக் கேமராவிடம் பிடித்தார். "இங்கதான் எழுதி வெச்சிகீறான். எல்லாம் மைதா. டாக்டரம்மா காட்டினாங்க."

ஃபேன் மறைந்து பூங்காவனத்தின் நெற்றியும் கண்ணும் வந்தன. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "ஒண்ணியும் தெரில. புள்ளி புள்ளியா கீது. இது இங்கிலீசு வேற. எனுக்கு எங்க படிக்க வரும்?"

"எனுக்குமே கண்ணாடி போட்டாத்தான் தெரியுது."

"தெரியாததெல்லாம் ஏன்யா வாங்கின இத்தினி நாளும்? ஒண்ணு துன்னு முடிக்கறதுக்குள்ள இன்னோண்ணு. கடையையே ஊட்டுக்கு இட்டாந்துட்ட. பசியாய்யா உனுக்கு?"

நேற்று டாக்டரம்மா கேட்ட அதே கேள்வி. இந்தத் தடவை எத்திராஜ் பதில் சொன்னார்.

"நீ படிப்பல்ல, அதுக்கு."

"இன்னா?"

"பாக்கெட்டு காட்டினா நீ படிப்ப. கூட்டிக் கூட்டி. அதுக்கு நேரமாவும். இல்லன்னா துன்னியா, துன்னேன், வெச்சிடட்டா. அவ்ளோதான. அதுக்குத்தான் வாங்கினேன்மே. வாங்கறப்போ எனுக்கே தெரில. இப்போ தெரிது. எய்த்து நெறைய கீறதா பாத்து பாத்து எடுத்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு மீதியையும் சொல்லிவிட்டார். "வோணும்னு ஏத்திக்கல. ஆனா ஏறிடுச்சின்னு பாத்த உடனே, நீ வந்துடுவேன்னு சந்தோசமா இருந்துச்சி. அத்தயும் சொல்லிடறேன்."

லைன் போய்விட்டதோ என்று எத்திராஜ் போனைத் தட்டிப் பார்த்தார். பூங்காவனம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"லூசாய்யா நீ."

"ஆமா."

"எனுக்கு மட்டும் இன்னா? இந்த ஊர்ல கடை போர்டு, பஸ் போர்டு ஒண்ணியும் நம்ம எய்த்து இல்ல. லிஃப்ட்ல ஒட்டி வெச்சிகீறது கூட இன்னான்னு தெரில. பகலெல்லாம் கொயந்த கூட ஙா ஙான்னு பேசிகினு கீறேன். நீ பாக்கெட்ட காட்டறப்போத்தான் நாலு எய்த்து கண்ணுல பட்டுச்சி. அதான் ஒண்ணு உடாம படிச்சேன். துன்றவன் வயித்துக்குள்ள இன்னா போவுதுன்னு நான் எங்க பாத்தேன்?"

குழந்தை எங்கேயோ உள்ளிருந்து சிணுங்கியது, அடங்கியது.

"டிக்கெட்டு நாளன்னிக்கி" என்றாள் பூங்காவனம். "வரட்டா?"

கண்ணுங்களா, இந்த நாலு எழுத்துக் கேள்விக்காக அந்த மனுஷன் எத்தனை பிஸ்கட் தின்றிருக்கிறார்! இப்போது அது தானாக வந்து கையில் விழுந்தது. வா என்றால் வந்துவிடுவாள்.

"வராத" என்றார் எத்திராஜ்.

"யோசிச்சி சொல்லு."

"யோசிச்சா வான்னு சொல்லிடுவேன். அதான். கொயந்த நடக்கட்டும், பேசட்டும், பாத்துக்கற எடத்துல உடற மாதிரி ஆவட்டும். அப்பால வா. கலைவாணிகிட்ட வேலைய உட வோணாம்னு சொல்லு. நான் கீரை கடைஞ்சி துன்றேன். மீந்தா துன்னாம கொட்டறேன், அவ்ளோதான."

"ஒரு கட்டு வாங்காத. பாதி கட்டு குட்ப்பாங்க, கேளு. அரப் படி அரிசி போட்டுகினு உக்காராத. கொள்ளு ஊற வெய்யி. கத்திரிக்கா கண்ணுல பாத்து வாங்கு, அதுக்கு ஒரு சீட்டும் பாக்க வோணாம்." அவள் குரல் பழைய குரலாக ஆகிக்கொண்டிருந்தது. திடீரென்று நிறுத்தினாள். "மெய்யாலுமே ஜாங்கிரி துன்லியா?"

"துன்ல."

"சரி, நம்பறேன்."

மறுநாள் எத்திராஜ் மிச்சமிருந்த பாக்கெட்டுகளை ஒரு மூட்டையாகக் கட்டிக் குப்பை வண்டியில் போட்டார். மாடிப் பெண் அப்போதுதான் இறங்கினாள். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, "அங்கிள், இதெல்லாம் ஹெல்த்தி ஐட்டமாச்சே, ஏன் தூக்கிப் போடறீங்க?" என்றாள். முதல்முறையாக அவள் குரலைக் கேட்டார். "பின்னாடி திருப்பிப் படிம்மா" என்று மட்டும் சொன்னார். அவள் நேரமாகிவிட்டது என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

சாயந்திரம் அரைக்கட்டு முளைக்கீரை கேட்டு வாங்கினார். கீரைக்காரம்மா முணுமுணுத்துக்கொண்டே பிரித்துக் கொடுத்தாள். கடைந்து, ஒரு கை சோறும் இரண்டு கரண்டி கொள்ளும் வைத்துச் சாப்பிட்டார். உப்பு தூக்கலாக இருந்தது. அடுத்த பரிசோதனையில் என்ன வருமோ, அது யாருக்குத் தெரியும்? ஒரு வேளைக் கீரைக்கு அது இறங்கிவிடாது. தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கால் போட்டார்.

"இன்னா துன்ன?"

"கீரை. கொள்ளு."

"உப்பு?"

"ஜாஸ்தி."

"தெரியும்."

அப்புறம் என்ன பேச? அவர் கையில் காட்ட ஒன்றும் இல்லை. அவளுக்குப் படிக்க ஒன்றும் இல்லை. வழக்கமாக இந்த இடத்தில்தான் 'வெச்சிடட்டா' வரும். எத்திராஜ் காத்திருந்தார். அது வரவில்லை. பூங்காவனம் போனை எதன்மேலோ சாய்த்து வைத்துவிட்டு, குழந்தையின் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு சின்னச் சட்டையாக உதறி, நீவி, மடித்து, அடுக்கினாள். இவர் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் ரயில் போயிற்று. அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அவள் நடுவில் ஒருதரம் தலை தூக்கி, இவர் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

துணி முடிந்ததும் குழந்தை அழுதது. அவள் எழுந்து போனாள். ஆள் இல்லாத சுவரும், மடித்த துணி அடுக்கும் மட்டும் தெரிந்தன. எத்திராஜ் அதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போன் கையில் சூடாகி, கடைசியில் தானாகவே அணைந்தது. விளக்குப் போடாத வீட்டில் அவர் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

இவ்வளவுதான் கதை, கண்ணுங்களா. எழுந்து வீட்டுக்குப் போங்கள், நேரமாகிறது. உங்கள் வீட்டு அடுப்பில் வேகிறது இன்னதென்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். தின்றது உடம்பில் ஒட்டட்டும், நோய் உங்கள் வாசல் தாண்டிப் போகட்டும். சாப்பிட்டாயா என்று கேட்க உங்கள் வீட்டில் ஒரு ஆள் எப்போதும் இருக்கட்டும். தூரத்தில் இருக்கிறவர்கள் சுகமாக வீடு திரும்பட்டும். நீங்களும் உங்கள் பிள்ளை குட்டிகளும் நிறைந்து இருங்கள்.